கோஸ்ட்வயர் டோக்கியோ: வாங்க முதல் கேட்கிற கேள்விகள்

திருகோணமலை உவர்மலைப் பக்கம் சின்னக் கேம் கடை ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கொம்பியூட்டர், ஒரு பிளேஸ்டேஷன் 5. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடியளும் வேலை முடிந்து வருகிற அண்ணமாரும் இந்த ஒரு கேமைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். பேய், டோக்கியோ, கைவிரல் மந்திரம் என்று ட்ரெய்லரில் பார்த்த கிளுகிளுப்பு. வாய் வலிக்கச் சொல்லி முடிந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கதையின் முடிவை எந்தப் பதிலிலும் உடைக்கவில்லை, தைரியமாக வாசிக்கலாம்.

முதலில், இது என்ன மாதிரியான கேம்?

டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் திடீரென்று ஒரு மூடுபனி இறங்குகிறது. அது தொட்ட ஆட்கள் மறைந்துபோகிறார்கள். உடுப்பும் சப்பாத்தும் கைப்பையும் தெருவில் கிடக்கின்றன, ஆள் இல்லை. விபத்தில் சாகக் கிடந்த அகிதோ என்ற இளைஞனின் உடம்புக்குள் கேகே என்ற ஆவி புகுந்துகொள்கிறது. கேகே உயிரோடு இருந்த காலத்தில் பேய் விவகாரங்களைத் துப்பறிந்தவர். ஒரே உடம்பில் இரண்டு பேர். அகிதோவுக்குத் தன் தங்கச்சி மாரியைக் காப்பாற்ற வேண்டும், கேகேக்கு ஹன்யா என்ற கொம்பு வைத்த பேய் முகமூடி போட்டவனோடு பழைய கணக்குத் தீர்க்க வேண்டும். இந்த இரண்டு பேரின் இழுபறிதான் கேம்.

ஊருக்குள் விரும்பிய பக்கம் திரியலாம், இதைத்தான் திறந்த உலகக் கேம் என்பார்கள். எல்லாம் அகிதோவின் கண்வழியாகத்தான் தெரியும். துப்பாக்கி கிடையாது. இரண்டு கைவிரல்களையும் மடக்கி, பின்னி, காற்று, நீர், நெருப்பு மூன்றையும் எறிகிறீர்கள். செய்தது டாங்கோ கேம்வர்க்ஸ், வெளியிட்டது பெதெஸ்டா. 2022 மார்ச் 25 அன்று பிளேஸ்டேஷன் 5க்கும் கொம்பியூட்டருக்கும் வந்தது. எங்கள் நாட்டில் அந்த மாதக் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. ஆகையால் இங்கே பலரும் இதைப் பிந்தித்தான் தொட்டார்கள். எக்ஸ்பொக்ஸுக்கு 2023 ஏப்ரல் 12, புதுவருடத்துக்கு இரண்டு நாள் முந்தி வந்து சேர்ந்தது.

பேய்க் கேம் எண்டா சாமத்தில தனிய விளையாடலாமா? பயமா இருக்குமா?

விளையாடலாம். இதே நிறுவனம் முன்பு செய்த 'தி ஈவில் விதின்' அளவுக்கு நெஞ்சைப் பிடிக்காது. தெருவில் நடக்கும்போது பயத்தைவிட ஒருவிதத் தனிமைதான் வரும். உள்ளுக்குள், அதாவது ஆஸ்பத்திரி, அடுக்குமாடி வீடு போன்ற இடங்களில்தான் பழைய கை தெரிகிறது. கதவைத் திறந்தால் நடைவழி திரும்பிப் படுத்திருக்கும், சுவர் தரையாகும், தளபாடம் கூரையில் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட இடங்கள் வரும்போது கடையில் பார்த்துக்கொண்டிருக்கிற பொடியள் கதையை நிப்பாட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பார்கள். திடுக்கிட வைக்கிற இடங்கள் சில உண்டு, அவ்வளவுதான். இருதயம் பலவீனமான ஆள் என்று சொல்லிக்கொள்கிற என் நண்பர் ஒருவர்கூட முழுதும் முடித்துவிட்டார்.

திறந்த உலகம் எண்டுறீங்கள். ஆள் இல்லாத ஊரில் என்ன இருக்கப் போகுது?

இந்தக் கேமின் ஆகப் பெரிய பலம் அந்த ஆளில்லாத ஊர்தான். மற்றத் திறந்த உலகக் கேம்களில் தெரு நிறைய ஆட்கள் நடப்பார்கள், ஆனால் ஒருவர் முகமும் மனதில் நிற்காது. இங்கே ஆட்களே இல்லாததால் உங்கள் கண் பொருட்களில் விழுகிறது. மழை விட்ட தார் ரோட்டில் நியோன் வெளிச்சம், எரிந்துகொண்டேயிருக்கிற சோடா மெஷின், யாரோ விட்டுப்போன குடை, திறந்தே கிடக்கிற சாப்பாட்டுக் கடை. வெளிநாட்டுக்காரர் கற்பனை பண்ணிய டோக்கியோவாக இல்லாமல், அங்கேயே வேலைக்குப் போய் வருகிறவர்கள் கட்டிய டோக்கியோ. பெரிய கட்டடங்களுக்கு நடுவே கையகலச் சந்நிதி, அதன் முன்னால் கல்லுச் சிலை, பின்பக்கச் சந்தில் குப்பை பிரித்துப் போடுகிற இடம். சந்தும் பொந்தும்தான் நன்றாக வந்திருக்கின்றன.

ஏறிப் பார்க்கவும் வழி இருக்கிறது. மேலே பறந்து திரிகிற தெங்கு என்ற இறக்கைப் பேயைப் பிடித்து இழுத்தால் அது உங்களைக் கூரைக்குத் தூக்கிவிடும். அங்கிருந்து மிதந்து அடுத்த கூரைக்குப் போகலாம். நேரமிருந்தால் குறி எதுவும் வைக்காமல் ஒருதரம் கூரைமேல் நடந்து பாருங்கள்.

ஊர் ஒரேயடியாகத் திறக்காது. மூடுபனி உடம்புக்கு ஆகாது, அதற்குள் போனால் உயிர் குறையும். தோரீ எனப்படும் கோயில் வாயில் ஒவ்வொன்றாகப் போய்ச் சுத்தம் செய்தால், அதைச் சுற்றியுள்ள பனி விலகும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பலன் என்னவோ மற்றக் கேம்களில் கோபுரத்தில் ஏறி வரைபடத்தைத் திறக்கிறதுதான். ஆனால் கோயில் வாசல் என்பது இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே இருக்கிற எல்லை என்ற நம்பிக்கையிலிருந்து எடுத்ததால் பொருந்தி வருகிறது.

குறை: வாயில் திறந்தவுடன் வரைபடம் முழுக்கக் குறிகள் கொட்டும். அந்தக் குறிகளைத் துரத்தத் தொடங்கினால் ஊர் மறைந்து குறி மட்டும்தான் தெரியும்.

சண்டை எப்படி? விரல் மந்திரம் நல்லா இருக்கா?

முதல் மூன்று நாலு மணி நேரம் பிரமாதம். காற்று வேகமாகப் பாய்கிற சின்ன வெட்டு, நீர் கிட்ட வந்தவர்களை அகலமாக அறுக்கும், நெருப்பு குறைவாகக் கிடைக்கும் ஆனால் வெடிக்கும். விரல்கள் மடிகிற விதத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜப்பானில் துறவிகள் பயன்படுத்திய ஒன்பது முத்திரைகளிலிருந்து வந்தது இது.

எதிரி அடிபட்டுத் தளர்ந்ததும் நெஞ்சு பிளந்து உள்ளே ஒரு கரு மினுங்கும். அப்போது பட்டனை அழுத்திப் பிடித்தால் உங்கள் விரல்களிலிருந்து பொன்னிற நூல்கள் போய் அந்தக் கருவைச் சுற்றும். கையைப் பின்னுக்கு இழுக்க இழுக்க நூல் இறுகும். கடைசி இழுவையில் கரு உடைந்து, பேய் காகிதம் போலக் கிழிந்து போகும். பிளேஸ்டேஷனில் கொன்ட்ரோலர் கைக்குள் அதிரும், கேகேயின் குரல் கொன்ட்ரோலருக்குள்ளிருந்தே வரும். உடம்புக்குள் இன்னொருவன் இருக்கிறான் என்பதைக் கையாலேயே உணர வைத்த வேலை.

பிறகு? பிறகும் அதேதான். பத்தாவது மணி நேரத்திலும் அதே மூன்று, அதே நூல், அதே இழுவை. திறன்களை ஏற்றினால் வேகமும் பலமும் கூடும், புது விதமாக யோசிக்க வேண்டிய தேவை வராது. ஊர் முழுக்க மினுங்குகிற பொருட்களை உடைத்தால் சக்தி நிரம்பும் என்பதால் தட்டுப்பாடும் பெரிதாக இல்லை. கோணேசர் கோயில் திருவிழாக் காலத்தில் பலூன் சுடுகிற கடை வைப்பார்களே, அந்த அளவில் வந்து நின்றுவிடுகிறது.

இதை முறிக்கிற இடங்கள் இருக்கின்றன. கதையில் சில கட்டங்களில் கேகே உடம்பைவிட்டுப் பிரிக்கப்படுவார். உங்களிடம் வில்லும் மந்திரத்தாளும் மட்டும் மிஞ்சும். பதுங்கி, பின்னால் போய், சத்தமில்லாமல் முடிக்க வேண்டும். அப்போதுதான் பேய்க்குப் பயப்படுகிறோம். அது இன்னும் அடிக்கடி வந்திருக்கலாம்.

கஷ்ட நிலை: 'நோர்மல்' மிக இலகு. கேம் பழக்கம் உள்ளவர்கள் 'ஹார்ட்' போடுங்கள். 'ததாரி' என்று ஆகக் கஷ்டமான ஒன்று இருக்கிறது, முதல் தரத்திலேயே வேண்டாம்.

பேய்கள் எல்லாம் உண்மையான ஜப்பான் பேய்களா?

இரண்டு வகை என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கேமின் நல்லது கெட்டது இரண்டும் விளங்கும்.

ஒன்று, பழைய நாட்டார் கதைகளில் வருகிறவை. கப்பா, தனுகி, சஷிகிவராஷி, தெங்கு. இவற்றுக்குக் கதையில் என்ன விதி இருக்கிறதோ அதையே விளையாட்டின் விதியாக வைத்திருக்கிறார்கள். கப்பாவுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர். ஆகவே குளக்கரையில் வெள்ளரிக்காய் வைத்துவிட்டு ஒளிந்து நிற்க வேண்டும், அது வரும், பின்னாலேயே போய்ப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓடிவிடும். தனுகி உருமாறும், ஆனால் வாலை மறைக்கத் தெரியாது. தெருவில் ஒரு தபால் பெட்டிக்கோ வேறொரு சாமானுக்கோ வால் முளைத்திருந்தால் அதுதான். இதில் ஒரு சூடும் இல்லை, வெட்டும் இல்லை. கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரங்கள் இவை.

மற்றது, 'வருகையாளர்' என்று கேம் அழைக்கிற எதிரிகள். கறுத்தக் கோட்டும் குடையுமாக வரிசையில் வருகிற முகமில்லாத அலுவலக ஆட்கள். வேலையில் நொந்துபோன மனங்களிலிருந்து பிறந்தவர்கள் என்று குறிப்பில் எழுதியிருக்கும். தலையில்லாத பள்ளி மாணவர்கள், படிப்பும் எதிர்காலமும் பற்றிய கவலையிலிருந்து வந்தவர்கள். ட்யூஷன் முடிந்து நேரே கடைக்கு வந்த, உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிற பொடியன் ஒருவன் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு, "அண்ண, இவன் எங்கட பட்ச்தான்" என்றான். உருவம் கொடுத்தவர்கள் அவ்வளவு யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சண்டைக்கு வந்தால் எல்லாரும் ஒன்றுதான். சிலர் ஓடி வருவார்கள், சிலர் தள்ளி நின்று எறிவார்கள், அடித்தால் கரு தெரியும், இழு.

வாய் கிழிந்த பெண் குச்சிசாகே மட்டும் ஒரு உதாரணம். ஜப்பானில் 1979 அளவில் பிள்ளைகளிடையே பெரிய பீதியாகப் பரவிய கதை அது. முகத்தை மறைத்துக்கொண்டு வந்து "நான் வடிவா?" என்று கேட்பாள். ஓம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து, "பரவாயில்லை" என்று மழுப்பினால் தப்பலாம். எவ்வளவு அருமையான விதி! கேமில் அவள் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வருகிறாள், நீங்கள் நெருப்பால் அடிக்கிறீர்கள். கேள்வி இல்லை, பதில் இல்லை. நம்பிக்கையின் விதியில் ஓடுகிறபோது இந்தக் கேம் தனி ரகம். பேயை, மிச்ச உயிரைக் காட்டுகிற உயிர்க்கோடு போட்ட இலக்காக்கியதும் சாதாரணமாகிவிடுகிறது.

பக்கப் பணிகள் செய்யத்தான் வேணுமா? நேரா கதையை முடிச்சால் என்ன?

நேராக முடித்தால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடியும், நீங்களும் "இது என்ன, சும்மா ஒரு கேம்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். பக்கப் பணிகள்தான் இதன் உயிர்.

ஆரம்பத்திலேயே வருகிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மாவின் ஆவி. தன் வீட்டில் சஷிகிவராஷி என்ற குழந்தைப் பேய் இருந்ததாம், அது இருக்கிற வீட்டில் செல்வம் தங்குமாம், இப்போது காணவில்லையாம். அதைத் தேடிக் கொண்டுவரச் சொல்கிறார். விஷயம் அவ்வளவுதான், கால் மணி நேரம்கூட ஆகாது. செத்த பிறகும் அவருக்குத் தன் வீட்டின் பாடுதான் கவலை. இப்படிச் சின்னச் சின்ன ஆவிகள் தெருமுனைகளில் நின்று மனக்குறை சொல்வார்கள். பெரிய கதையில் கிடைக்காத பாசம் இவற்றில் கிடைக்கும்.

எல்லாமே இந்தத் தரத்தில் இல்லை. சில பணிகள் 'போ, அடி, வா' வகை. தலைப்பைப் பார்த்துப் பிரிக்க முடியாது, தொடங்கித்தான் பார்க்க வேண்டும்.

2 லட்சத்து 40 ஆயிரம் ஆவிகளைச் சேர்க்கவேணும் எண்டு காட்டுது. உண்மையாவா?

உண்மை. வேண்டாம்.

மறைந்தவர்களின் ஆவிகள் ஊரெங்கும் மிதந்துகொண்டிருக்கும். கத்தாஷிரோ என்ற காகிதப் பொம்மைக்குள் அவற்றை உறிஞ்சி, தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குக் கொண்டுபோய், வயர் வழியாக ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டும். யோசனை எவ்வளவு அழகு! காகிதப் பொம்மையில் ஆவியை ஏற்றுவது அவர்களின் பழைய சடங்கு. பழைய கொயின் போன் பெட்டியைப் பேய் கடத்துகிற பாதையாக்கியது கேமின் சொந்தக் குறும்பு. முதல் சில தரம் செய்யும்போது புண்ணியம் செய்கிற நினைப்பு வரும். பிறகு அது நூறு, இருநூறு என்று எண்ணிக்கையைக் கூட்டுகிற கணக்குப்பிள்ளை வேலை. போகிற வழியில் கிடைத்ததை எடுங்கள், சதவீதத்தைப் பார்க்காதீர்கள். கேம் தருகிற 'ட்ரொஃபி' என்ற விருதுக்காக இதை முழுதும் முடித்த ஒருவர் எங்கள் கடைக்கு வருகிறார். கேமின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கதை எப்படி?

பாதி. அகிதோவும் கேகேயும் ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பொறுக்க மாட்டார்கள், போகப்போகப் பேச்சு மாறும். கூரைமேல் நடக்கும்போது இருவரும் கதைத்துக்கொள்கிற சில்லறைப் பேச்சுத்தான் நன்றாக எழுதப்பட்டது. குடும்பத்தைக் கவனிக்காமல் வேலை வேலை என்று ஓடிய ஒரு ஆள், தங்கச்சியோடு மனம்விட்டுப் பேசாமல் இருந்த ஒரு ஆள். இரண்டு பேருக்கும் ஒரே நோய்.

வில்லன் பக்கம் பலவீனம். அவன் ஏன் இப்படியானான் என்பதற்குக் காரணம் வைத்திருக்கிறார்கள், அந்தக் காரணம் அழ வைக்கக்கூடியதுதான். ஆனால் அவன் திரையில் தோன்றுவது குறைவு, தோன்றும்போதும் மேடைப் பேச்சு. தங்கச்சியும் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டிய பொருளாகவே இருக்கிறாள். கடைசிப் பகுதி வேகம் குறைந்து, நடந்துகொண்டே நினைவுகளைப் பார்ப்பதாகப் போகும். எனக்கு அது பிடித்தது. பலருக்குக் கொட்டாவி வந்தது.

பூனை நாய் எல்லாம் கதைக்குமாமே?

ஓம். ஆட்கள் போனாலும் நாயும் பூனையும் ஊரில் இருக்கின்றன, அவற்றின் மனதை வாசிக்கலாம். நாய்க்குச் சாப்பாடு போட்டால் காசு கிடக்கிற இடத்தைத் தோண்டிக் காட்டும். கடைகளை நடத்துவது நெகோமாத்தா என்ற மிதக்கிற பூனைப் பேய்கள். வியாபாரத்தில் படு கெட்டி.

என்ட கொம்பியூட்டரில ஓடுமா?

அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தேவை: இன்டெல் ஐ7 4770கே அல்லது ரைசன் 5 2600, ராம் 12 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1060 போன்ற 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட். நன்றாக ஓட ராம் 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1080. இடம் 20 ஜிபி, எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. இந்தக் காலக் கேம்களுக்கு 20 ஜிபி என்பது சின்ன அளவு. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் படுக்க முதல் போட்டுவிட்டால் விடிய இறங்கியிருக்கும்.

கொம்பியூட்டரில் இடைக்கிடை திக்கும். புது இடத்துக்குள் ஓடும்போது ஒரு சின்ன இழுப்பு, பிறகு சரியாகும். வெளிச்சத்தை நிஜம்போலக் காட்டுகிற ரே ட்ரேசிங்கைப் போட்டால் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வெளிச்சம் அற்புதமாக விழும், வேகம் பாதியாகும். கார்ட் பழையதென்றால் முதலில் அதை அணையுங்கள். கொன்ட்ரோலரில் குறி பார்ப்பது கொஞ்சம் மந்தமாகத் தெரியும். செட்டிங்கில் போய் ஸ்டிக்கின் உணர்திறனைக் கூட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், தொடாமல் விட்டால் சண்டை முழுக்க எரிச்சல்.

கரண்ட் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தானாகச் சேவ் ஆகும், கையாலும் சேவ் பண்ணலாம். இரண்டாவதைப் பழக்கமாக்குங்கள்.

இங்கிலிஷ் பெரிசா விளங்காது. சமாளிக்கலாமா?

தமிழ் எழுத்து கிடையாது. சண்டைக்கும் நடைக்கும் மொழி தேவையில்லை. பக்கப் பணிகளின் சுவை பேச்சில் இருப்பதால், வாசிக்கக்கூடிய ஒரு தம்பியையோ அக்காவையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குரலை ஜப்பானிய மொழியிலேயே விடுங்கள். ஆங்கிலக் குரல் மோசமில்லை, ஆனால் ஷிபுயா சந்தில் அது ஒட்டவில்லை.

பத்து வயசுப் பிள்ளைக்கு வாங்கிக் குடுக்கலாமா? வீட்டில பேய் பூதம் எண்டு அம்மா ஏசுறா.

அமெரிக்கத் தரப்படுத்தலில் இது பதின்ம வயதினருக்கு உரியது. இரத்தக்களரி குறைவு, கெட்ட பேச்சும் பெரிதாக இல்லை. சாவு, ஆஸ்பத்திரி, தற்கொலை பற்றிய நிழல்கள் பக்கப் பணிகளில் வரும். பத்து வயதுக்கு நான் கொடுக்க மாட்டேன். பதின்மூன்று, பதினாலு என்றால் முதல் நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல: இதில் கோயில்களைக் கேலி பண்ணவில்லை. கதாநாயகன் சந்நிதியில் உண்டியலில் காசு போட்டுக் கும்பிடுகிறான், வாயிலைச் சுத்தம் செய்கிறான், அலைகிற ஆவிகளைக் கரைசேர்க்கிறான். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அம்மம்மா பின்னால் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "பொடியன் நல்ல காரியம்தானே செய்யிறான்" என்று சொல்லியிருக்கிறார்.

'ஸ்பைடர்ஸ் த்ரெட்' எண்டு ஒண்டு இருக்கே, அது தனியா வாங்கவேணுமா?

இல்லை. 2023 ஏப்ரலில் எக்ஸ்பொக்ஸ் வெளியீட்டோடு எல்லாருக்கும் இலவசமாக வந்தது. 30 கட்டங்களை ஒரே மூச்சில் கடக்கப் பார்க்கிற தனிமுறை. செத்தால் தொடக்கத்திலிருந்து. சண்டை பிடித்தவர்களுக்கு நல்ல தீனி, சண்டை அலுத்தவர்களுக்கு அதே அலுப்பு. அதோடு சேர்ந்து வந்த பாடசாலைப் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். இரவுப் பள்ளிக்கூடம், அதற்குள் அலைகிற கதைகள். முதலில் வந்த கேமில் இல்லாத திகில் அதில் இருக்கிறது.

திருகோணமலையை வைச்சு இப்படி ஒரு கேம் செய்தா எப்படி இருக்கும்?

கடையில் அதிக நேரம் ஓடுகிற விவாதம் இதுதான், ஆகவே எழுதிவிடுகிறேன்.

மூடுபனி கடலிலிருந்து வரட்டும். தொடக்கம் பிரெட்ரிக் கோட்டை வாசல். ஆட்கள் இல்லை, மான்கள் மட்டும் நிற்கின்றன. இப்போதே அவை ரோட்டைத் தங்கள் ரோடாகத்தான் நினைக்கின்றன, அதனால் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. டோக்கியோவின் நாய் செய்கிற வேலையை மான் செய்யும். மேலே ஏறினால் சுவாமி மலை, கோணேசர் கோயில், கீழே இராவணன் வெட்டு. போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் கற்கள் கடலடியில் கிடக்கின்றன. சுழியோடிப் பார்க்கிற ஒரு பகுதி வைக்கலாம்.

பக்கப் பணிகளுக்குப் பஞ்சமே இல்லை. மலையில் 1687ஆம் ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் தூண் ஒன்று நிற்கிறது, பிரான்சினா என்ற பெண்ணின் பெயரில். காதலன் கப்பலேறிப் போனதால் அவள் பாறையிலிருந்து குதித்தாள் என்பது ஊர்க்கதை. அவள் பிறகு வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். குதிக்காத பெண்ணின் பேய் அங்கே ஏன் நிற்கிறது? அகிதோ வந்து துப்பறியட்டும். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியது என்பார்கள், இன்றைக்கும் ஆட்கள் அங்கே போய்க் கடன் தீர்க்கிறார்கள். தோரீ வாயிலுக்குப் பதிலாக ஏழு கிணறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. ஜப்பானிலிருந்து வந்த கேமைத் திருகோணமலையில் இருந்து விளையாடுகிறவனுக்கு அந்தக் காலை ஞாபகம் வராமல் போகாது. அன்று விழுந்த ஒரு விமானியின் ஆவி பாஷை தெரியாமல் தாங்கிகளுக்கு நடுவே வழி கேட்டு நிற்கிறது என்று ஒரு பணி எழுதினால், அதில் கேகேதான் மொழிபெயர்ப்பாளர்.

நிபந்தனை ஒன்று: எங்கள் பேய்களுக்கும் விதி இருக்கிறது, அதைத்தான் விளையாட்டாக்க வேண்டும். இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் பதில் சொல்ல வேண்டும். மோகினி சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கக் கூடாது, கத்தி நுனியில் நீட்ட வேண்டும். உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், இருட்டில் உங்கள் பெயரை ஒரு குரல் கூப்பிடுகிறது, பட்டனை அழுத்தாமல் இருப்பதுதான் விளையாட்டு. மோகினிக்கு உயிர்க்கோடு போட்டு நெருப்பால் அடிக்க வைத்தால் கேமை நானே அழித்துவிடுவேன்.

வாங்கலாமா? இரண்டாம் பாகம் வந்த பிறகு சேர்த்து வாங்கினா என்ன?

முழு விலைக்கு வேண்டாம். அடிக்கடி பெரிய தள்ளுபடி போடுகிறார்கள், அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். இடம் பார்க்கவும் நாட்டார் கதைக்கும் ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல சாமான். விதவிதமான சண்டை வேண்டுமென்றால் வேறு கேம் பாருங்கள். வாங்குகிறவர்கள் ஒரே இருப்பில் ஆறு மணி நேரம் இருக்காதீர்கள். நாளுக்கு இரண்டு பக்கப் பணி, ஒரு கதைக் கட்டம், நிப்பாட்டுங்கள். அலுப்பு பாதியாகக் குறையும்.

இரண்டாம் பாகத்துக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. 2019இல் மேடையேறி இந்தக் கேமை உற்சாகமாக அறிவித்த இகுமி நகாமுரா அதே வருடம் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார், கேம் கென்ஜி கிமுராவின் இயக்கத்தில்தான் முடிந்தது. 2024 மே மாதம், பெதெஸ்டாவைத் தன் கையில் வைத்திருந்த மைக்ரோசொஃப்ட் டாங்கோ கேம்வர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. ஓகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் அந்த அணியை எடுத்துக்கொண்டது, ஆனால் கூடவே போன உரிமை 'ஹை-ஃபை ரஷ்' கேமினுடையது மட்டும். செய்த ஆட்கள் ஒரு பக்கம், கோஸ்ட்வயர் பெயர் இன்னொரு பக்கம். இருக்கிற ஒன்றைத் தள்ளுபடியில் எடுங்கள். அதற்கு முதல் பார்க்க ஆசையென்றால் கடைக்கு வாருங்கள், சஷிகிவராஷி பணி வரை விளையாட விடுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வேண்டாம், அன்று ஃபுட்பால் கேம் பொடியள் இரண்டு கொம்பியூட்டரையும் விட மாட்டார்கள்.